மோட்டாரின் மூச்சு



மோட்டார் காரின் வரலாற்றை எழுதுவோர் அதன் எந்திரத்தைப் பற்றி எழுதுவர். அது ஓடிய வேகத்தையும் வென்ற பரிசுகளையும் பற்றி எழுதுவர். வண்டியின் அடிவயிற்றில் ஓடிப் பின்புறத்தில் சிறிதே தலைநீட்டும் புகைக்குழாயைப் பற்றி எழுதுவோர் அரியர். ஆயினும், மனிதன் தன் வேகத்தையும் பிறருடைய அமைதியையும் ஒருங்கே காக்க முயன்ற கதை அந்தக் குழாய்க்குள்தான் அடங்கியிருக்கிறது. அக்கதையை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இதனைப் பேச நேர்ந்த காரணத்தை முதலில் கூறிவிடுகிறேன். நான் தலைமையாசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்று, காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர் வட்டத்தைச் சேர்ந்த சாலவாக்கத்தில் வாழ்ந்து வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்பவர். பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில், இருவர் மட்டும் அமரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியிருந்தார். அதன் புகைக்குழாயை மாற்ற வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காகப் பட்டறைக்காரர் எழுதிக் கொடுத்த மூன்று பட்டியல்களைக் கையில் வைத்திருந்தார்.

முதற் பட்டியலின்படி, பின்கோடியில் உள்ள சைலன்சரை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டாவதன்படி, நச்சுப் புகையைத் தூய்மையாக்கும் கன்வெர்ட்டருக்குப் பின்னாலிருந்து வால்வரை உள்ள குழாய் முழுவதையும் மாற்ற வேண்டும். மூன்றாவது, எந்திரத்தின் வாயிலிருந்தே தொடங்கி எல்லாவற்றையும் கழற்றி எறிந்து, கன்வெர்ட்டரும் இல்லாமல், சைலன்சரும் பெயரளவில் மட்டும் இருக்க, நேர்க்குழாய் பூட்டுவது. விலை ஏற ஏற ஆசையும் ஏறுவது இயல்பு. அவர் கண் மூன்றாவது பட்டியலின் மீதே இருந்தது.

"எதைப் போடலாம், ஐயா?" என்று கேட்டார்.

"தம்பி, நான் மெக்கானிக் அல்லன், வரலாறு சொல்லிக் கொடுத்தவன். இந்தக் குழாய்க்கும் ஒரு வரலாறு உண்டு. அதைக் கேட்ட பிறகு நீயே முடிவு செய்துகொள்" என்றேன். அவரிடம் கூறியதையே சற்று விரித்து உங்களுக்கும் கூறுகிறேன்.

எந்திரத்தின் சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து எரிகின்றன. எரிந்த வாயு பிஸ்டனைத் தள்ளிய பின், வால்வு திறந்ததும் பெரும் அழுத்தத்தோடு வெளியே பாய்கிறது. நான்கு சிலிண்டர் கொண்ட காரின் எந்திரம் நிமிடத்திற்கு 6,000 சுற்றுச் சுற்றும்போது, ஒரு நொடியில் 200 முறை இப்பாய்ச்சல் நிகழ்கிறது. ஒவ்வொன்றும் ஒரு சிறு வெடி. தீபாவளிச் சரத்தைக் கொளுத்தி நொடிக்கு இருநூறு வெடி வெடித்தால் எப்படியோ, குழாய் பூட்டாத எந்திரமும் அப்படியே.

ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886-ஆம் ஆண்டில் தம் மோட்டார் வண்டிக்கு உரிமம் பெற்றார். அடுத்த பத்தாண்டுகளில் இங்கும் அங்குமாக வண்டிகள் தெருவில் ஓடத் தலைப்பட்டன. அவற்றின் ஓசை கேட்டுக் குதிரைகள் மிரண்டன. மக்கள் முகம் சுளித்தனர். அமெரிக்க நாட்டில் இந்தியானா மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் வாழ்ந்த மில்ட்டன் ரீவ்ஸ், மார்ஷல் ரீவ்ஸ் என்னும் சகோதரர்கள் எந்திர ஓசையை அடக்கும் கருவி ஒன்றுக்கு 1897-இல் உரிமம் பெற்றனர். ஆகவே, சைலன்சர் என்பது காருக்குப் பிற்காலத்தில் பூட்டப்பட்ட விலங்கு அன்று. ஏறத்தாழ அதனுடனேயே பிறந்து வளர்ந்த தம்பி.

ஆனால், அண்ணனும் தம்பியும் எப்போதும் ஒத்துப்போகவில்லை. பழைய கார்கள் பலவற்றில் ஒரு சிறு கதவு இருந்தது. காலால் ஒரு மிதியை அழுத்தினால், புகை சைலன்சருக்குள் போகாமல் அக்கதவு வழியே நேரே வெளியேறும். ஊருக்கு வெளியே மேடேறும்போது சிறிது வலிமை கூடும் என்பதற்காக வைக்கப்பட்டது அது. ஊருக்குள்ளும் சிலர் அதைத் திறந்துவிட்டு முழக்கம் செய்தனர். விளைவு என்ன? பல நகரங்கள் அதைத் தடை செய்தன. வலிமைக்காக வைத்த வாயிலைப் பெருமைக்காகத் திறந்தவர்களால், அவ்வாயில் எல்லோருக்குமே அடைபட்டது.

இங்கிலாந்தில் நடந்த நிகழ்ச்சியொன்று இன்னும் படிப்பினை தருவது. லண்டனுக்குத் தென்மேற்கே புரூக்லண்ட்ஸ் என்னுமிடத்தில், கார் ஓட்டத்திற்கென்றே கட்டப்பட்ட வட்டப்பாதை 1907 ஜூன் மாதத்தில் திறக்கப்பட்டது. திறந்த சில நாட்களுக்குள், எஸ். எஃப். எட்ஜ் என்பவர் அங்கே இருபத்து நான்கு மணி நேரம் தாம் ஒருவராகவே இடைவிடாது கார் ஓட்டிச் சாதனை புரிந்தார். மணிக்குச் சராசரி 66 மைல் வேகம். இரவில் வழி தெரிவதற்காகப் பாதையோரத்தில் நூற்றுக்கணக்கான விளக்குகள் ஏற்றப்பட்டன. உலகம் அவரைப் புகழ்ந்தது. அக்கம்பக்கத்தார் அன்றிரவு உறங்கவில்லை. அவர்கள் முறையிட்டதன் பயனாக இரவு ஓட்டம் நிறுத்தப்பட்டது. பின்னர் 1920-களில், அப்பாதையில் ஓடும் பந்தயக் கார்களும் பெரிய சைலன்சர் பூட்டியே ஓட வேண்டும் என்று விதி வந்தது. மீன்வால் போல் விரிந்த முனையுடைய அந்தச் சைலன்சர் 'புரூக்லண்ட்ஸ் டப்பா' என்றே பெயர் பெற்றது. இருபத்து நான்கு மணி நேரப் பந்தயம் நடத்த விரும்பியவர்கள், 1929-இல், பகலில் பன்னிரண்டு மணி நேரமாக இரண்டு நாட்கள் நடத்தினார்கள். இரவில் கார்களைப் பூட்டி வைத்துவிட்டு மறுநாள் காலையில் தொடர்ந்தனர். பந்தயமும் நடந்தது, ஊரும் உறங்கியது. இரு தரப்பாரும் வாழ வழி தேடினால் கிடைக்கும் என்பதற்கு இது ஒரு சான்று.

இங்கே என் சொந்தக் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் இளம் ஆசிரியனாக இருந்தபோது டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் ஒன்று வைத்திருந்தேன். நண்பர் ஒருவர் சொல்கேட்டு, அதன் சைலன்சருக்குள் இருந்த தடுப்புக் குழலை உருவி எறிந்தேன். வண்டி சிங்கம் போல் முழங்கியது. வேகம் கூடிவிட்டது என்று நம்பினேன். உண்மையில் கூடியது ஓசை மட்டுமே. நெல் மூட்டையொன்றைப் பின்னால் வைத்துக்கொண்டு ஏரிக்கரை மேட்டில் ஏறியபோது, முன்பு எளிதாக ஏறிய வண்டி திணறி நின்றது. அதன் காரணம் அப்போது எனக்கு விளங்கவில்லை.

ஒரு நாள் அரையாண்டுத் தேர்வின்போது சற்றுத் தாமதமாகப் பள்ளிக்குள் நுழைந்தேன். கீழ்வகுப்பில் தமிழ்ச் சொல்வதெழுதுதல் நடந்துகொண்டிருந்தது. என் வண்டி வாயிலைக் கடந்து மரத்தடியில் நிற்கும்வரை, சொல்லும் ஆசிரியர் வாய் அசைந்ததேயன்றிச் சொல் கேட்கவில்லை. அன்று மாலை எங்கள் தலைமையாசிரியர் என்னை அழைத்தார். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். விடைத்தாள்கள் சிலவற்றை என்முன் வைத்து, "இந்த வரியில் எல்லாப் பிள்ளைகளும் ஓரிடத்தில் விட்டிருக்கிறார்கள், பாருங்கள்" என்று மட்டும் சொன்னார். அந்த வெற்றிடம் என் வண்டியின் ஓசை நின்ற இடம். மறுநாளே புதுத் தடுப்புக் குழல் வாங்கிப் பூட்டினேன்.

ஏரிக்கரையில் வண்டி திணறியதன் காரணத்தைப் பின்னாளில் படித்து அறிந்தேன். அதுவே இவ்வரலாற்றின் இரண்டாம் பகுதி. புகைக்குழாய் ஓசையை அடக்குவது மட்டுமன்று. எந்திரம் மூச்சுவிட உதவுவதும் அதுவே. வால்வு திறந்ததும் வெளியே பாயும் அழுத்த அலை குழாய் வழியே ஓடி, குழாய் அகலும் இடத்திலோ திறந்த முனையிலோ மோதித் திரும்புகிறது. திரும்பும்போது அது உறிஞ்சும் அலையாக மாறிவிடுகிறது. அந்த அலை, வால்வு மூடுவதற்குள் சரியான கணத்தில் வந்து சேர்ந்தால், சிலிண்டரில் எஞ்சியிருக்கும் எரிந்த வாயுவை இழுத்து வெளியேற்றும். அந்த இடத்தில் புதுக் காற்று கூடுதலாக நுழையும். கணம் தவறினால் பயனும் தவறும். நாம் குறிப்பிடும் கணம் ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவானது. ஆகையால் குழாயின் நீளமும் அகலமும் கணக்கிட்டு அமைக்க வேண்டியவை. டூ-ஸ்ட்ரோக் எந்திரத்தில் இவ்வலையின் துணை இன்னும் இன்றியமையாதது. கிழக்கு ஜெர்மனியில் வால்ட்டர் காடன் என்னும் பொறியாளர் 1950-களில் இதனை ஆராய்ந்து, சிறிய எந்திரங்களிலிருந்து வியத்தகு வலிமையை வெளிக்கொணர்ந்தார். அவர் கணக்கிட்டு அமைத்ததை நான் கணக்கின்றி உருவி எறிந்தேன். வண்டி திணறாமல் என்ன செய்யும்?

"குழாய் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது" என்று எண்ணுவோர் பலர். நம் கழனிகளுக்கு நீர் பாயும் வாய்க்காலை நினைத்துப் பாருங்கள். அளவான வாய்க்காலில் ஓடும் நீர் கடைமடைவரை விரைந்து செல்லும். அதே நீரை மூன்று மடங்கு அகலமான வாய்க்காலில் விட்டால் தேங்கி நடக்கும். குழாயும் அப்படியே. மிகக் குறுகினால் மூச்சு முட்டும். மிக அகன்றால் வாயுவின் விரைவு குன்றி, இழுத்து வெளியேற்றும் ஆற்றல் தாழ்ந்த சுற்றில் குறைந்துவிடும்.

காரை வாங்கியவர் தாமே வேறு புகைக்குழாய் வாங்கிப் பூட்டும் வழக்கத்தைப் பெருந்தொழிலாக வளர்த்தவர்களுள் கார்லோ அபார்த் குறிப்பிடத்தக்கவர். வியன்னா நகரில் 1908-இல் பிறந்தவர். மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்தவர். 1949-இல் இத்தாலியில் தேள் முத்திரையுடன் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். பந்தயக் கார் கட்டுவது அவர் ஆசை. அந்த ஆசைக்குச் சோறு போட்டது அவர் விற்ற புகைக்குழாய். ஃபியட் போன்ற சிறு கார்களை வைத்திருந்த நடுத்தர மக்கள், பந்தயக் காரின் சாயல் தம் வண்டியிலும் சிறிது இருக்கட்டும் என்று அவற்றை வாங்கினர். அவர் நிறுவனத்தை 1971-இல் ஃபியட் நிறுவனமே வாங்கிக்கொண்டது.

குழாயினால் கிடைக்கும் வலிமை எவ்வளவு? நம் ஊரோடு தொடர்புடைய ஒரு கணக்கைக் கூறுகிறேன். சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்தில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் செய்யப்பட்டது. அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைத் தழுவி இங்கிலாந்தில் 1962-இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் கார் வெளிவந்தது. அதன் முதல் வடிவத்தில் எந்திரம் 63 குதிரைத் திறன் உடையது. 1965-இல் வந்த இரண்டாம் வடிவத்தில், நான்கு சிலிண்டரிலிருந்தும் தனித்தனியே வளைந்து வரும் எஃகுக் குழாய்களைப் பொருத்தினர். வால்வைத் திறக்கும் தண்டையும், காற்று உட்செல்லும் வழியையும் திருத்தினர். இத்தனையும் செய்து பெற்றது 67 குதிரைத் திறன். நான்கு குதிரைகள்! அதுவும் குழாயால் மட்டும் வந்தன அல்ல. தொழிற்சாலைப் பொறியாளர் பலர் கூடிச் செய்து பெற்ற ஆதாயம் இவ்வளவென்றால், பின்கோடிச் சைலன்சரை மாற்றியதும் கார் பறக்கும் என்று சொல்பவரை நாம் எவ்வளவு நம்பலாம்?

இதைக் கேட்டு, "வேகம் வேண்டுவதே தவறா?" என்று நீங்கள் வினவலாம். தவறன்று. வேகத்திற்கென ஓர் இடம் வேண்டும், அவ்வளவே. சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்திற்கு அப்பால் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானத் தளம் ஒன்று இருந்தது. போர் முடிந்து வெறுமையாகக் கிடந்த அந்த ஓடுபாதையில் 1950-களிலிருந்து மோட்டார் பந்தயங்கள் நடைபெற்றன. 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் அவற்றை நடத்தி வந்தனர். கல்லூரி நாட்களில் நண்பர்களோடு பாரிமுனையில் பேருந்து ஏறிச் சென்று நானும் பார்த்திருக்கிறேன். சாலையில் நாம் அன்றாடம் கண்ட ஃபியட்டும் ஹெரால்டும் அங்கே வேறு பிறவி எடுத்தவை போல் பாய்ந்தன. திறந்த குழாய்களின் முழக்கம் நெஞ்சில் மோதியது. மகிழ்ச்சிக்கு அளவில்லை, ஆனால் இரண்டு நாட்கள் என் காதில் ரீங்காரம் நிற்கவில்லை என்பதையும் மறைக்க மாட்டேன்.

அந்தக் களத்தில் புகழ் பெற்றவர் கோயம்புத்தூர் கரிவரதன். 1954-இல் பிறந்த அவர் கார் ஓட்டியதோடு நில்லாமல் கார் கட்டவும் கற்றார். மாருதி 800 காரின் சின்னஞ்சிறு எந்திரத்தைக் கொண்டே, எளியவரும் பந்தயம் பழகும்படியான 'ஃபார்முலா மாருதி' என்னும் பந்தயக் காரை உருவாக்கினார். பிற்காலத்தில், 2005-இல், ஃபார்முலா ஒன் போட்டியில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன், அத்தகைய காரில் பந்தயம் பழகியவரே. கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். கோயம்புத்தூருக்கு அருகே செட்டிப்பாளையத்தில் அமைந்த பந்தயப் பாதை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சோழவரத்திற்குப் பின், 1990-இல், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயப் பாதை திறக்கப்பட்டது. அது எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் உள்ளது. வேகத்தின் மீது காதல் கொண்ட இளைஞனுக்குப் பாதுகாப்பான களம் சாலவாக்கத்திலிருந்து சில மணி நேரத்துக்குள் சென்றடையும் தொலைவிலேயே இருக்கிறது. ஊர்த்தெருவைப் பந்தயக் களமாக்க வேண்டிய தேவை அவனுக்கு இல்லை.

இனி மூன்றாம் பகுதி. ஓசை காதுக்குக் கேட்கும். நஞ்சு காதுக்குக் கேட்பதில்லை. எரிந்த வாயுவில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அரைகுறையாக எரிந்த பெட்ரோல் ஆவி உண்டு. நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டு. எந்திரம் தட்டாமல் ஓடுவதற்காகப் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலக்கும் முறையை அமெரிக்காவில் 1921-இல் கண்டுபிடித்தனர். அந்த ஈயமும் புகையோடு வெளியேறி, மூச்சு வழியே உட்புகுந்து, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுத்தது. பிரெஞ்சுப் பொறியாளர் யூஜின் ஹூட்ரி அமெரிக்காவில் குடியேறி, புகையிலுள்ள நச்சை மாற்றும் வினையூக்கிக் கருவியை 1950-களில் உருவாக்கினார். ஆனால், பெட்ரோலில் ஈயம் இருக்கும்வரை அக்கருவி உயிர்வாழ முடியவில்லை. ஈயம் அதன் மேல் படிந்து செயலிழக்கச் செய்தது. எனவே முதலில் ஈயம் இல்லாத பெட்ரோல் வர வேண்டியிருந்தது. அமெரிக்கக் கார்களில் 1975 முதல் அக்கருவி பரவலாக இடம்பெற்றது. நம் நாட்டில் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில், புதிய பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமாயிற்று. 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோலே விற்கப்படுகிறது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் கடுமையான அளவுகோல் நடைமுறைக்கு வந்தது.

அந்தக் கன்வெர்ட்டரைத்தான் மெக்கானிக்குகள் சிலர் "மூச்சை அடைக்கும் பெட்டி" என்று கூறிக் கழற்றச் சொல்கிறார்கள். தேன்கூடு போன்ற அதன் நுண்ணிய அறைகளில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்கள் பூசப்பட்டுள்ளன. நச்சு வாயுக்கள் அங்கே நீராவியாகவும் கரியமில வாயுவாகவும் நைட்ரஜனாகவும் மாறுகின்றன. அதற்கு முன்னும் பின்னும் உள்ள சென்சார்கள், பெட்ரோல் எவ்வளவு செலுத்த வேண்டும் என்று எந்திரத்தின் மூளைக்கு உணர்த்துகின்றன. பெட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்றும் கண்காணிக்கின்றன. பெட்டியைக் கழற்றினால் கெடுவது ஊர்க்காற்று மட்டுமன்று. எந்திரத்தின் கணக்கும் கெடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மோட்டார் வண்டிக்கும் ஓசையைக் குறைக்கும் சைலன்சர் இருக்க வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-ஆம் விதி. உற்பத்தியாளர் அமைத்த அடிப்படை அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்பது 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. இதனை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஓசை, புகை ஆகியவற்றின் வரம்பை மீறினால், முதற் குற்றத்திற்கே 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் நேரலாம். ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் செல்லாது. குடியிருப்புப் பகுதியில் ஓசையின் அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்ற வரம்பை 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வகுத்தன. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு கூடுகிறது என்பதைப் பௌதிக வகுப்பில் படித்திருப்பீர்கள்.

இவையனைத்தையும் கேட்ட என் மாணவர், "அப்படியானால், குழாய் வாங்குவோன் எதைத்தான் பார்த்து வாங்க வேண்டும், ஐயா?" என்றார். நல்ல கேள்வி. அவருக்குச் சொன்ன விடை இது.

முதலாவது, எங்கே ஓட்டப் போகிறாய் என்று முடிவு செய். பந்தயப் பாதைக்கு ஏற்றது ஊர்ச்சாலைக்கு ஏற்றதன்று. இரண்டாவது, எந்தச் சுற்றில் வலிமை வேண்டும் என்று கேள். நான்கு குழாய்களை நேராக ஒன்றில் சேர்க்கும் அமைப்பு பொதுவாக உயர்ந்த சுற்றில் உதவும். நான்கை இரண்டாக்கி, இரண்டை ஒன்றாக்கும் அமைப்பு இடைப்பட்ட சுற்றிலும் உதவும். சாலையில் நாம் பெரும்பாலும் இடைப்பட்ட சுற்றில்தான் ஓட்டுகிறோம். மூன்றாவது, உலோகத்தைப் பார். சாதாரண எஃகு மழைநீரிலும், புகையோடு வரும் நீரிலும் துருப்பிடிக்கும். எவர்சில்வர் என்று நம் வீடுகளில் வழங்கும் துருவா எஃகு நீடித்து உழைக்கும், விலையும் கூடும். நான்காவது, சைலன்சரின் உள்ளமைப்பைக் கேள். தடுப்பறைகள் வழியே அலையை அலையால் அடிப்பது ஒருவகை. துளையிட்ட நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சைப் பொதிந்து ஓசையை உறிஞ்சுவது மற்றொரு வகை. பின்னதில் மூச்சு எளிது. ஆனால் நாளடைவில் பஞ்சு கருகி உதிர்ந்து ஓசை கூடும். ஐந்தாவது, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வண்டிக்குள் விடாது எழும் 'கும்'மென்ற இரைச்சலைக் கவனி. பட்டறையில் நிற்கும்போது இனிக்கும் ஓசை, நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் கேட்டால் தலைவலியாகும். ஆறாவது, குழாய் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது என்று பார். நம் ஊர் வேகத்தடைகள் எந்தப் பொறியாளரையும் கேட்டுக் கட்டப்பட்டவை அல்ல.

இவை யாவும் வாங்குவோன் தன் நலத்துக்காகப் பார்க்க வேண்டியவை. அவற்றிற்கு மேலாக ஒன்று உண்டு. அதைச் சொல்வதற்கு எங்கள் வட்டத்தைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. உத்திரமேரூர்க் கோயிற் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை வழியே வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை அவை கூறுகின்றன. அவ்வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். ஏரிக்கு ஏன் ஒரு வாரியம்? ஏரி எவர் ஒருவருக்கும் சொந்தமன்று, எல்லோருக்கும் உரியது. ஒருவன் தன் வயலுக்காகக் கரையை வெட்டினால் அடுத்தவன் வயல் காயும். ஆகவே ஊரார் கூடி அதைக் காத்தனர். காற்றும் இரவின் அமைதியும் அத்தகைய பொது ஏரிகளே. 1897-இன் சைலன்சரும், புரூக்லண்ட்ஸின் விதியும், 1995-இன் கன்வெர்ட்டரும் அந்த ஏரிக்கு மக்கள் போட்ட கரைகள். அக்கரைகளை வெட்டியா நம் காருக்கு நான்கு குதிரைகளைக் கட்ட வேண்டும்?

என் மாணவர் பட்டியல்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எழுந்தபோது அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "இரவுப் பணி முடிந்து எத்தனை மணிக்குத் தெருவுக்குள் வருவாய், தம்பி?"

"பதினொன்றரை ஆகும், ஐயா" என்றார். சற்று நின்று, "அக்காள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள்; குழந்தைக்கு இருபது நாள்" என்று தாமே சொன்னார்.

பத்து நாட்களுக்குப் பின் மீண்டும் வந்தார். மூன்றாவது பட்டியலைக் கிழித்துவிட்டதாகக் கூறினார். சாலையில் ஓடுவதற்குத் தொழிற்சாலை பூட்டியனுப்பிய குழாயும் கன்வெர்ட்டருமே இருக்கும். துருப்பிடித்திருந்த பின் சைலன்சருக்குப் பதிலாக அதே நிறுவனத்தார் செய்த புதியதை வாங்கிப் பூட்டிவிட்டார். எவர்சில்வர்ச் சைலன்சர் ஒன்றைத் தனியே வாங்கிவைத்து, இருங்காட்டுக்கோட்டைப் பாதையில் ஓட்ட இடம் கிடைக்கும் நாட்களில் அங்கேயே மாட்டி, அங்கேயே கழற்றிவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். வேகத்தையும் அவர் விட்டுவிடவில்லை, ஊரையும் விட்டுவிடவில்லை.

"நேற்றிரவு உங்கள் வீட்டைக் கடந்துதான் போனேன், ஐயா. கேட்டதா?" என்று வினவினார்.

நான் கேட்கவில்லை. நன்றாக உறங்கிக்கொண்டிருந்தேன்.